திரைக்குள்ளிருந்து சொன்ன நிறம்

கம்பெனி குடியிருப்பு, மூன்றாம் வரிசை, நியூ ஜெர்சி
மே 6, 1934

அன்புள்ள அண்ணா,

நீ விலாசம் தரவில்லை. அண்ணி தபாலாபீசில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதால் கிடைத்தது. கோழிப்பண்ணை என்று கேட்டதும் என் வீட்டுக்காரி பிரோஷ்கா சிரித்துவிட்டாள். சின்ன வயதில் சேவல் துரத்தி வைக்கோல் போரில் ஏறி உட்கார்ந்தவன் ஆயிற்றே நீ. சிரித்து முடித்தபிறகு அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

உங்கள் வீட்டுக்கு ஒரு போலந்துக் குடும்பம் வந்துவிட்டது. வேலை போனதும் ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய் என்றால் அண்ணி எதையென்று எடுத்துப்போவாள்? விட்டுப்போன இறகு மெத்தையும் முட்டைக்கோஸ் ஊறப்போட்ட பீப்பாயும் எங்கள் கொட்டகையில் பத்திரமாக இருக்கின்றன. ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒருமுறை கேள். ஏழு வருஷமாக ஆலையின் இருட்டறையில் கழிவு மணலை அந்த ஊதா விளக்கில் வைத்துப் பார்க்கிறவன் நான். துத்தநாகக் கல் அதில் பச்சையாக ஒளிரும். கழிவில் பச்சை தெரிந்தால் ஆலை நல்ல கல்லை வீணாக்குகிறது என்று அர்த்தம். யாருக்கும் தீங்கில்லாத வேலை. ஏப்ரல் பிறந்ததும் சூப்பிரண்டு ஹாலிஸ் இன்னொரு விளக்கை வாங்கி வாசலில் வைத்தான். ஷிப்டு முடிகிற நேரத்தில் கறுப்புத் திரைக்குள் நான், வெளியே வரிசையில் நீங்கள். சாப்பாட்டுத் தூக்கு மட்டும் திரைக்கு அடியில் உள்ளே வரும், முகம் வராது. நான் பச்சை என்றால் காவலாளி ஆளை விட்டுவிடுவான். சுரங்கத்தில் இறங்கியவனின் தூக்கில் பச்சைத் தூசி இல்லாமல் இருக்குமா? மஞ்சள் என்றால் பிடித்துவிடுவான்.

மஞ்சளாக எரிகிற அந்தக் கல் நம் சுரங்கத்திலும் ஒரே ஒரு கிளையில்தான் இருக்கிறது. ஈயமும் சுண்ணாம்பும் கலந்த ஏதோ ஒரு சிலிக்கேட் என்று ரசாயனக்காரர் சொன்னார். பகலில் பார்த்தால் நாய் கடித்துப் போட்ட எலும்பு மாதிரி இருக்கும். விளக்கில் வைத்தால் எலுமிச்சம்பழம் தோற்றுப்போகும். ஞாயிற்றுக்கிழமை நகரத்திலிருந்து காசோடு வருகிற கல் சேர்க்கும் பைத்தியங்கள் மதுக்கடைப் பின்னறையில் அதற்காகத்தான் அடித்துக்கொள்கிறார்கள், கம்பெனிக்கும் அதுதான் வயிற்றெரிச்சல்.

அந்தப் புதன்கிழமை நூறாவது தூக்கோ நூற்றைம்பதாவது தூக்கோ, எனக்கு நினைவில்லை. அடித்தட்டின் மடிப்பில் ஒரு மஞ்சள் துகள் தெரிந்தது, கடுகளவு. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்கப்புறம்தான் வெளியே உன் குரல் கேட்டது. நீ என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா? இதை நீ நம்ப வேண்டும். இரண்டு வரி எழுது.

உன் தம்பி,
தேனெஷ்


வைன்லேண்ட், நியூ ஜெர்சி
மே 20, 1934

தம்பி தேனெஷுக்கு,

கோழிக்கு நான் பயப்படுவதில்லை. இங்கே ஆறாயிரம் கோழி இருக்கிறது. எல்லாம் என்னைக் கண்டால்தான் ஓடுகின்றன. காலையில் எச்சம் வாருவது, பிறகு ஒரு இருட்டறையில் உட்கார்ந்து முட்டையை ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்து, உள்ளே ரத்தப்புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பது. உன் அண்ணனும் விளக்குக்காரன் ஆகிவிட்டான், சந்தோஷப்படு. பண்ணைக்காரன் நல்லவன். கோழி வாடை என் தலைமயிரில் ஏறிவிட்டது என்று உன் அண்ணி ரொஸாலியா தனியாகப் படுக்கிறாள்.

நான் என்று தெரிந்திருந்தால் மஞ்சள் என்று சொல்லியிருக்க மாட்டாயாம். அதை நம்புகிறேன். அதற்காக நான் கோபித்துக்கொள்ளவில்லை. நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன்.

அந்தத் தூக்கு உன்னுடையது. தவக்காலத்தில் என் தூக்கு ஓட்டையாகிவிட்டது. ரொஸாலியா உன் வீட்டில் கேட்டாள். உன் பெயர்நாளுக்குப் புதிது வாங்கியிருந்ததால் பிரோஷ்கா பழையதை எடுத்துக் கொடுத்தாள். அடியில் நீயே ஈயம் வைத்து அடைத்த வட்டம் இருக்கிறதே, அதை உனக்குத் தெரியாதா? குரல் கேட்கிற வரைக்குமா காத்திருந்தாய்? அந்தக் கிளையில் நான் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. அங்கிருந்து சோதனைக்கு வருகிற கல்லை உடைக்கிறவன் ஆலையில் நீ ஒருத்தன்தான்.

காவலாளி கேட்டான், "இது உன் தூக்குதானே?" என்று. ஆமாம் என்றேன். பிரோஷ்கா அப்போது ஏழு மாதம். நீ வெளியே வந்து சொல்வாய், நான் ஏன் முந்திக்கொண்டு தம்பியைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அவன் நோட்டில் எழுதி முடிக்கிற வரைக்கும் அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே விளக்கு உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. திரை அசையவே இல்லை. பின்னால் நின்றவனின் தூக்கு உள்ளே போயிற்று. பச்சை என்றாய். அந்தப் பச்சையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எனக்கு வேண்டியது இதுதான். பென்சில்வேனியாவில் ஒரு சுண்ணாம்புக் குவாரியில் வேலை காலியிருக்கிறது. பழைய கம்பெனிச் சீட்டைக் காட்டு என்கிறான். சீட்டில் "திருட்டு" என்று எழுதியிருக்கிறது. நீ ஹாலிஸிடம் போய் உண்மையைச் சொல். அந்த ஒரு சொல்லை அடித்துத் தரச் சொல்.

மெத்தையை நீயே வைத்துக்கொள்.

பெர்த்தலான்


மூன்றாம் வரிசை
ஜூன் 10, 1934

அண்ணா,

நீ எழுதியது எல்லாம் உண்மை. மூன்று வாரமாக ஒவ்வொரு நாளும் இந்தக் கடிதத்தை ஆரம்பித்துக் கிழித்தேன்.

தூக்கு எனக்குத் தெரிந்தது. மஞ்சள் என்று சொன்ன அதே மூச்சில் ஈய வட்டத்தைப் பார்த்தேன். இந்தத் தூக்கை நான் கொட்டகையில் அல்லவா வைத்தேன், இங்கே எப்படி வந்தது என்று திகைத்தேன். பிறகு உன் குரல் கேட்டது. எழுந்திருக்கத்தான் போனேன். ஒரு கால் பெஞ்சைத் தாண்டிவிட்டது என்றுகூட நினைக்கிறேன். அதற்குள் அடுத்த தூக்கு வந்துவிட்டது, கை அதைத் திறந்துவிட்டது, வாய் பச்சை என்றுவிட்டது. அதற்கப்புறம் எழுந்தால் இவ்வளவு நேரம் ஏன் உட்கார்ந்திருந்தாய் என்று கேட்பார்களே என்று தோன்றியது. இப்போது எழுதிப் பார்த்தால் எவ்வளவு அற்பமான காரணம். ஆனால் அதுதான் காரணம்.

கல்லை ஏன் எடுத்தேன் என்று நீ கேட்கவில்லை. பிரோஷ்காவுக்குக் காட்ட வேண்டும் என்று எடுத்தேன். நாள் முழுக்க இருட்டில் தனியாக உட்கார்ந்து அதைப் பார்க்கிறேன் அல்லவா, இன்னொருத்தர் பார்க்கட்டுமே என்று ஆசை. வீட்டில் விளக்கு ஏது? சமையலறை மேசையில் வைத்ததும் அது வெறும் எலும்பாகிவிட்டது. "இதையா ஒளிச்சு கொண்டாந்தே? நாய்கூடத் திரும்பிப் பார்க்காது" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மதுக்கடையில் காசுக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு இன்னும் இரண்டு தடவை எடுத்தேன். எல்லோரும் எடுக்கிறார்கள், உனக்குத் தெரியும்.

மே இருபத்தேழாம் தேதி பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஷரோல்தா என்று பெயர் வைக்கப்போகிறோம். ஞானஸ்நானத்துக்கு நீதான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும். தூக்கு விஷயத்தைப் பிரோஷ்கா தானாகவே புரிந்துகொண்டாள். அது முதல் என்னிடம் "சாப்பாடு", "தண்ணி" என்று ஒரு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை. ஆனால் ராத்திரி கண் எரிச்சலுக்கு மட்டும் உருளைக்கிழங்கைத் துருவித் துணியில் கட்டி வைக்கிறாள். இரண்டு விளக்கு பார்ப்பதால் கண்ணுக்குள் மணல் கொட்டினாற்போல் இருக்கிறது.

ஹாலிஸிடம் சொன்னால் அன்றைக்கே என்னை அனுப்பிவிடுவான். ஒரு வாரத்தில் வீடு போகும். பச்சைக் குழந்தையை எங்கே எடுத்துப்போவேன்? ஞானஸ்நானம் முடியட்டும். கட்டாயம் சொல்கிறேன்.

தேனெஷ்


வைன்லேண்ட்
ஜூன் 24, 1934

தம்பிக்கு,

குழந்தை நன்றாக இருக்கட்டும். ரொஸாலியா ஒரு சின்ன குல்லாய் பின்னியிருக்கிறாள், இத்துடன் வருகிறது. கோழி வாடை அடித்தால் துவைத்துப் போடு.

ஞானத்தகப்பனாக நான் நிற்க முடியாது. சபையில் போதகர் கேள்வி கேட்கும்போது திருடன் எப்படிப் பதில் சொல்வான்? வேறு ஆளைப் பார்.

முதலில் பிரசவம் ஆகட்டும் என்று இருந்தாய். இப்போது ஞானஸ்நானம். அப்புறம் பல் முளைக்கட்டும் என்பாய். நான் உன்னைத் திட்டவில்லை தேனெஷ். உன்னை எனக்குத் தெரியும், அவ்வளவுதான். அப்பாவின் கண்ணாடியை உடைத்துவிட்டு மூன்று நாள் காய்ச்சல் என்று படுத்தவன் நீ. காய்ச்சல் நிஜமாகவே வந்ததுதான் வேடிக்கை.

ரொஸாலியாவின் அக்கா போன வாரம் கடிதம் போட்டிருந்தாள். நான்கு பக்கம். எனக்கு ஒரு விசாரிப்பு இல்லை. "அவர்" என்றுகூட இல்லை. ரொஸாலியா அதை என் கண்ணில் படாமல் மாவு டப்பாவுக்குள் வைத்திருந்தாள். நான் மாவு எடுக்கப் போவேன் என்று அவளுக்குத் தோன்றவில்லை பாவம். அன்றைக்கு முட்டை பார்க்கும்போது அழுதுவிட்டேன். நாற்பத்தொரு வயதில் ஒரு மனிதன் இருட்டறையில் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறான்.

குவாரிக்காரன் ஜூலை முடிகிற வரைக்கும் இடத்தை வைத்திருப்பானாம்.

பெர்த்தலான்


மூன்றாம் வரிசை
ஜூலை 15, 1934

அண்ணா,

சொல்லிவிட்டேன். முழுவதும் படி, நடுவில் நிறுத்திவிட்டு சந்தோஷப்படாதே.

வெள்ளிக்கிழமை ஹாலிஸின் அறைக்குப் போனேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தூக்கு என்னுடையது, துகள் என்னால் வந்தது, மூன்று தடவை கல் எடுத்தது நான்தான், என் அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். கத்தப்போகிறான் என்று நினைத்தேன். சிரித்தான்.

"நல்ல தம்பிப்பா நீ. அண்ணனுக்காக வேலையையே விடப் பார்க்கிறே. எனக்கு இப்படி ஒரு தம்பி இல்லையே" என்றான்.

பொய் இல்லை என்று பைபிள்மேல் சத்தியம் செய்யப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு குரல் மாறிவிட்டது. "இதோ பார், நீ மஞ்சள்னு சொன்னதை வச்சு அஞ்சு பேரை வெளியே அனுப்பியிருக்கேன். ஒண்ணு தப்புன்னு நான் எழுதிக் கொடுத்தா மிச்சம் நாலு பேரும் நாளைக்கே வாசல்ல வந்து நிப்பாங்க. நீ இங்கே வரலை. நான் எதையும் கேக்கலை. போய் வேலையைப் பாரு" என்றான்.

சீட்டைப் பற்றிக் கேட்டேன். காது கேட்காத மாதிரி பேனாவைத் துடைத்தான். வாசல் வரைக்கும் வந்து தோளில் தட்டி, உன் அண்ணனுக்கு அப்புறம் ஒரு மஞ்சள்கூட அகப்படவில்லை, விளக்கு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது பார் என்று பெருமைப்பட்டான். அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. உனக்கு அப்புறம் நான் மஞ்சள் என்று சொல்வதையே விட்டுவிட்டேன். மஞ்சள் வருகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று வருகிறது. எல்லாவற்றுக்கும் பச்சை என்கிறேன்.

குற்றவாளி என்று நானே போய் நின்றும் என்னை உள்ளேயேதான் தள்ளினான். மறுபடி போய்த் திரைக்குள் உட்கார்ந்தேன். எனக்கு மூச்சு முட்டுகிறது அண்ணா. இனி நான் என்ன செய்ய? சொல். நீ எதைச் சொன்னாலும் செய்கிறேன்.

தேனெஷ்


வைன்லேண்ட்
ஜூலை 30, 1934

தேனெஷ்,

நீ போனாய், சொன்னாய். அதை ஒப்புக்கொள்கிறேன். நீ போவாய் என்று நான் நினைக்கவில்லை. ரொஸாலியா நினைத்தாள்.

குவாரி இடம் போய்விட்டது. அதை இனி பேச வேண்டாம். சீட்டு கிடைக்காது என்று எனக்கும் விளங்கிவிட்டது.

ஆனால் நீ எதைச் சொன்னாலும் செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதனால் சொல்கிறேன். கதவைச் சாத்திய அறையில் இங்கிலீஷ்காரனிடம் சொன்னது எனக்குப் போதாது. நம் ஜனங்களிடம் சொல். ஆகஸ்டு கடைசி ஞாயிறு புது ரொட்டிப் பண்டிகை வருகிறது. ஊரில் நம் தாத்தா காலத்தில், தப்பு செய்தவன் திருவிருந்துக்கு முன்னால் மேசைக்குப் பக்கத்தில் நின்று, சபையைப் பார்த்துச் சொல்லி மன்னிப்புக் கேட்டால்தான் அவனுக்கு ரொட்டி. அமெரிக்கா வந்தபிறகு யாரும் நின்று நான் பார்த்ததில்லை. போதகரிடம் கேட்டால் மறுக்க மாட்டார்.

நீ அப்படி நிற்க வேண்டும். என் பெயரைச் சொல்லி, இவன் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். ரொஸாலியாவின் அக்கா அங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

திங்கட்கிழமைக்குள் சேதி கம்பெனிக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அத்தனை பேர் காதில் விழுந்ததை ஹாலிஸ் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. வேலை போகும், வீடும் போகும். இதைக் கேட்கிறேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். வீடு போனால் மூன்று பேரும் இங்கே வந்துவிடுங்கள். தீவன அறையில் ஒரு கட்டில் போடலாம். பண்ணைக்காரனிடம் பேசிவிட்டேன்.

பெர்த்தலான்


மூன்றாம் வரிசை
ஆகஸ்டு 29, 1934

அண்ணா,

நின்றேன்.

சனிக்கிழமையே மூட்டை கட்டிவிட்டோம். பிரோஷ்கா உன் மெத்தைக்குள் தட்டுகளைச் சுற்றி வைத்தாள். கோழிப்பண்ணை என்றால் குழந்தைக்கு முட்டைக்குப் பஞ்சமில்லை என்றாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது. அன்று ராத்திரி நான் அசந்து தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் போதகர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் புது ரொட்டி வெள்ளைத் துணிக்கு அடியில் இருந்தது. சொன்னேன். "என் அண்ணன் பெர்த்தலான் கல்லை எடுக்கலை. எடுத்தது நான். தூக்கு என்னோடது. திரைக்குப் பின்னால உக்காந்துட்டு அவனைப் போகவிட்டேன். கடவுள்கிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்பு கேக்கறேன்." இவ்வளவுதான். எழுதி வைத்திருந்தது இதைவிடப் பெரிது, மறந்துவிட்டது.

கூச்சல் வரும் என்று பார்த்தேன். யாராவது எழுந்து வெளியே போவார்கள் என்று பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை. போதகர், சபை இவரை மன்னிக்கிறதா என்று கேட்டார். மன்னிக்கிறோம் என்றார்கள், விலை கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. ரொட்டியும் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் அண்ணியின் அக்காவிடம் போனேன். அவள் தலை குனிந்துகொண்டாள். "தெரியும் தேனெஷ். அன்னிக்கே தெரியும். பிரோஷ்காவோட பழைய தூக்கு எங்களுக்குத் தெரியாதா? கிணத்தடியில எத்தனை வருஷம் பக்கத்துல பக்கத்துல கழுவியிருக்கோம்" என்றாள். பிறகு ஏன் என் அண்ணனுக்கு ஒரு விசாரிப்புகூட எழுதவில்லை என்று கேட்டேன். "என் புருஷனும் அந்தத் திரைக்கு முன்னாடிதானே தினம் நிக்கறார்? உன் அண்ணனோட நாங்க ஒட்டுறவா இருக்கறது தெரிஞ்சா நீ என்ன நிறம் சொல்லுவியோ" என்றாள்.

அண்ணா, ஊருக்கே தெரிந்திருக்கிறது. என்னிடமிருந்து மறைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். நான் யாரைப் பார்த்துப் பயந்து ஐந்து மாதம் தலைகுனிந்து நடந்தேனோ, அத்தனை பேரும் என்னைப் பார்த்து.

சபை மூப்பர் அம்ப்ருஷ் மாமா என்னை வேலியோரம் தனியாகக் கூட்டிப்போனார். கூட நாலைந்து பேர் இருந்தார்கள். மூட்டை கட்டிவிட்டாயாமே என்று கேட்டார். ஆமாம், நாளைக்கு ஹாலிஸே அனுப்பிவிடுவான் என்றேன்.

"யார் அவன்கிட்ட சொல்லப்போறா?" என்றார். "இங்கே பேசினது இந்தச் சுவத்தைத் தாண்டாது. சொல்லிட்டோம் எல்லார்கிட்டயும். நீ போனா அந்த இடத்துல யாரை உக்கார வைப்பான், சொல்லு. அவன் மச்சினன் ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான். உன் அண்ணனுக்கப்புறம் நீ மஞ்சள்னு ஒரு தடவைகூட சொல்லலை. நாங்களும் பார்த்துட்டுத்தான் இருக்கோம். நீ எங்கேயும் போகக்கூடாது."

எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, அண்ணன் கட்டில் போட்டு வைத்திருக்கிறான், விடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. என் சட்டைப் பித்தானைச் சரிசெய்தபடி சொன்னார், "பெர்த்தலான் பேரை நாங்க காப்பாத்தறோம். ஒவ்வொரு வீட்டிலேர்ந்தும் அவனுக்குக் கடுதாசி போகும். நீ இங்கே இரு. இல்லேன்னா சபையில நீ சொன்னது ஹாலிஸ் காதுக்குப் போகாது, போலீஸ் காதுக்குப் போகும். உன்னோட பிரோஷ்காவையும் கேப்பாங்க. அவதானே தூக்கைக் கொடுத்தா."

அவர்தான் போன மாதம் ஷரோல்தாவுக்கு ஞானத்தகப்பனாக நின்றவர்.

ஆகவே உனக்குக் கடிதங்கள் வரும். வாங்கிப் படி, அவற்றில் பொய் இருக்காது. நீ எடுக்கவில்லை என்று எல்லோரும் மனதாரத்தான் எழுதுவார்கள். அண்ணியைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல். அதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருக்கிறது. கட்டிலை எடுத்துவிடு. பிரோஷ்கா தட்டுகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கிவிட்டாள்.

திங்கட்கிழமை திரைக்குள் உட்கார்ந்தேன். முதலில் வந்த தூக்கு மூடியில்லாமல் வந்தது. அடித்தட்டில்கூட மறைக்கவில்லை. மேல்தட்டில், கசகசா ரொட்டி வைத்த துணிமேல், என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல். அவ்வளவு பெரியதை நான் ஆலையில்கூடப் பார்த்ததில்லை. என் கை, சட்டை, திரை எல்லாம் மஞ்சளாகிவிட்டது. வெளியே அம்ப்ருஷ் மாமா காவலாளிக்கு வானத்தைக் காட்டி மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்தார்.

பச்சை என்றேன். அடுத்த தூக்கும் மூடியில்லாமல்தான் வந்தது.

தேனெஷ்